கண்மூடிப் பேசுகிறவர்கள்

அத்தியாயம் 11

வியாழக்கிழமை ஜெபத்தில் பிளஸ்ஸி வைத்த வெடி, சனிக்கிழமை காலை இட்லித் தட்டு வரைக்கும் புகைந்துகொண்டிருந்தது.

அந்த வீட்டு ஜெபத்தைப் பற்றி முன்பே சொல்லியிருக்கிறேன். புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காக இன்னொரு தடவை.

இரும்புலியூரில், ஜி.எஸ்.டி. ரோட்டின் இரைச்சல் லேசாகக் கேட்கும் ஒரு தெருவில் தனசிங்கின் வீடு. தனசிங் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி யூனிஸ் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், ஆனால் அந்தக் குரல் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. ஒரே மகன் ஆரோனுக்கு நாவலூரில் கம்ப்யூட்டர் வேலை. மருமகள் பிளஸ்ஸி சேலையூரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர்.

தினமும் சாயங்காலம் ஆரோன் வேலையிலிருந்து வந்ததும் நால்வரும் ஹாலில் பாய் விரித்து முழங்கால் போட்டு, கண்ணை மூடி, ஒருவர் பின் ஒருவராக வாய்விட்டு ஜெபிப்பார்கள். ஒருவர் முடித்ததும் மற்றவர்கள் ஆமென் சொல்லியாக வேண்டும். எல்லோரும் சொல்லும்வரை யாரும் கண்ணைத் திறக்கக் கூடாது. இது யூனிஸ் போட்ட சட்டம். ஒருமுறை தனசிங் நடுவில் தூங்கிப்போய், அவருடைய ஆமெனுக்காக மற்ற மூவரும் கண்ணை மூடியபடியே காத்திருந்ததில், அடுப்பில் பருப்பு தீய்ந்து அக்கம்பக்கத்துக்கெல்லாம் வாசனை போயிற்று.

இதில் என்ன குறை என்று கேட்பீர்கள். குறை ஜெபத்தில் இல்லை. ஆரோனும் பிளஸ்ஸியும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வது அந்த ஜெபத்தில் மட்டும்தான் என்பதில் இருந்தது.

"ஆண்டவரே, வெளியே சாப்பிட்டுவிட்டு வருகிறவர்களுக்கு, வீட்டில் காத்திருக்கிறவர்களின் பசியை உணர்த்தும்" என்று அவள் ஜெபிப்பாள். "ஆண்டவரே, மீட்டிங் என்று மெசேஜ் அனுப்பியும் பார்க்காதவர்களின் கண்களைத் திறந்தருளும்" என்று அவன் ஜெபிப்பான். ஆமென், ஆமென், ஆமென். எழுந்து சாப்பிடப் போவார்கள். ரசம் வேண்டுமா என்பதைக் கூட யூனிஸ் வழியாகத்தான் கேட்டுக்கொள்வார்கள்.

கல்யாணமாகி ஆறு வருஷம். அடி இல்லை, குடி இல்லை, இன்னொருத்தி இல்லை. அதனால்தான் இதை யாரிடமும் சொல்லிக்கொள்ளவும் முடியவில்லை. குழந்தை இல்லாத ஏக்கம் என்று சபையில் எல்லோரும் தாங்களே முடிவு செய்து, தாங்களே அதற்காக ஜெபித்தும் வந்தார்கள். ஆரோன் ஆபீஸ் போன் கால் இருக்கிறது என்று தலையணையோடு ஹாலுக்கு வந்தது போன வருஷம். அந்த போன் கால் என்றைக்கோ முடிந்துவிட்டது. தலையணை திரும்பிப் போகவில்லை.

அப்படியிருக்க, வியாழக்கிழமை பிளஸ்ஸி ஜெபித்தாள். "ஆண்டவரே, ராஜகீழ்ப்பாக்கத்தில் டெய்லர் கடை மாடியில் சரோஜினி மேடம் என்று, குடும்ப ஆலோசனை சொல்கிற ஒரு கவுன்சிலரிடம் எங்கள் இரண்டு பேருக்கும் நேரம் வாங்கியிருக்கிறேன். சனிக்கிழமை ஐந்து மணிக்கு. ஆரோனும் வரும்படி உதவி செய்யும்."

தனசிங்கின் ஆமென் மட்டும் வழக்கம்போல் வந்தது. யூனிஸின் ஆமென் வர நேரமாயிற்று. அடுத்து ஜெபிக்க வேண்டிய ஆரோன், நாட்டில் நல்ல மழை பெய்யவும், மருத்துவமனையில் இருக்கும் சபையார் சுகமடையவும் ஜெபித்துவிட்டு எழுந்து போய்விட்டான்.

மேலே படியுங்கள்.

*

சனிக்கிழமை காலை ஆரோன் நான்கு இட்லி சாப்பிட்டான். பிளஸ்ஸி சட்னிக் கிண்ணத்தை நகர்த்தி வைத்தாள். அவன் போட்டுக்கொண்டான். சாயங்காலத்தைப் பற்றி அவன் வாய் திறக்கவில்லை, அவளும் கேட்கவில்லை. கேட்டால் வரமாட்டேன் என்று சொல்லிவிடுவானோ என்று பயம். கேட்காத வரை வருவான் என்று நினைத்துக்கொள்ள ஒரு இடம் இருந்தது.

அவள் தனக்குள் ஒரு முடிவு எடுத்திருந்தாள். அவன் வந்தால், எத்தனை மாதமானாலும் சரி, ஒவ்வொரு சனிக்கிழமையும் அங்கே போய் உட்காருவாள். வரவில்லையென்றால் இன்றைக்கே அண்ணன் ஜாய்சனுக்கு போன் செய்வாள். ஜாய்சன் நாவலூரில் அபார்ட்மென்ட் வாங்கி ஒரு அறையைக் காலியாக வைத்திருந்தான். எப்போது வேண்டுமானாலும் வா என்று சொல்லியிருந்தான். அங்கே போனால் திரும்பி வரமாட்டோம் என்பது அவளுக்குத் தெரியும்.

ஒருவரிடம் சொல்லாமல் இன்னொருவர் ஏதாவது ஏற்பாடு செய்வது அந்த வீட்டு வழக்கமாயிற்றே. யூனிஸும் ஒரு ஏற்பாடு செய்திருந்தார். பதினோரு மணிக்கு வாசலில் பைக் சத்தம் கேட்டது. போதகர் தேவானந்தம் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே உள்ளே வந்தார்.

பிளஸ்ஸி மாமியாரைப் பார்த்தாள். யூனிஸ் அவளைப் பார்க்காமல் காபி போடப் போனார்.

போதகரைக் குறை சொல்ல மாட்டேன். நல்ல மனுஷர். ஆஸ்பத்திரி என்றால் எந்த நேரத்திலும் ஓடுவார். ஆரோனுக்கும் பிளஸ்ஸிக்கும் கல்யாணத்துக்கு முன் ஆலோசனை கொடுத்து, கல்யாணத்தையும் நடத்தி வைத்தவர் அவர்தான். நான் பேசிய ஜோடிகளிலேயே நீங்கள்தான் கேட்டதற்கெல்லாம் டக்கென்று பதில் சொன்ன ஜோடி என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் யூனிஸ் மட்டும் கலந்துகொண்டார்.

வெளியாளிடம் எதற்குப் போக வேண்டும், புதன்கிழமை தோறும் கூட்டம் முடிந்ததும் வந்து என்னோடு உட்காருங்கள், நான் இருக்கிறேன் என்றார் போதகர். வெளியே போனால் நாலு பேர் பார்ப்பார்கள், நாலு விதமாகப் பேசுவார்கள் என்றார். அவர் அப்படிச் சொன்னது பயமுறுத்துவதற்கு அல்ல. உள்ளதைத்தான் சொன்னார். ராஜகீழ்ப்பாக்கம் போகிற வேளச்சேரி ரோட்டில் சபையார் வீடுகள் இல்லாத தெரு கிடையாது.

ஆரோன் தரையைப் பார்த்துத் தலையாட்டினான். அது சரி என்ற தலையாட்டலா, கேட்டுக்கொண்டேன் என்ற தலையாட்டலா என்று யாருக்கும் தெரியவில்லை. அவனுக்கே தெரிந்ததா என்பது எனக்குச் சந்தேகம்.

பிளஸ்ஸி இரண்டு நாளாக யோசித்து வைத்திருந்ததை எல்லாம் விட்டுவிட்டு ஒன்றை மட்டும் சொன்னாள்.

"ஐயா, நாங்க ரெண்டு பேரும் பேசிக்கறதே இல்ல."

போதகர் முகம் வாடியது. அவளை இரக்கத்தோடு பார்த்தார். அடுத்து அவர் சொன்னதுதான் பிளஸ்ஸியை அடியோடு சாய்த்தது.

"அப்ப ஜெபிப்போம்மா."

எல்லோரும் முழங்கால் போட்டார்கள். போதகர் உருக்கமாக ஜெபித்தார். இந்தத் தம்பதிக்குக் கர்ப்பத்தின் கனியைத் தாரும் என்று அவர் கேட்டபோது யூனிஸ் நடுவிலேயே சத்தமாக ஆமென் போட்டார். பிளஸ்ஸி மூடிய கண்ணுக்குள் ஹாலில் கிடக்கும் அந்தத் தலையணையைப் பார்த்தாள்.

பிறகு ஆரோன் ஜெபித்தான். சபையில் ஆரோன் ஜெபம் என்றால் தனிப் பெயர். குரலும் உண்டு, சொல்லும் உண்டு. என் குறைகளை மன்னியும் என்றான். எனக்கு நீர் தந்த துணையை நான் மதிக்க மறந்தேன் என்றான். உடைந்த பாத்திரத்தையும் நீர் சேர்த்துக் கட்டுகிறவர் அல்லவா என்று கேட்டபோது யூனிஸ் விசும்பினார். தனசிங் கூட மூக்கை உறிஞ்சினார்.

இவ்வளவும் இவனுக்குள் இருக்கிறதா என்று பிளஸ்ஸி நினைத்தாள். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்ததும் அவன் பக்கம் திரும்பினாள்.

ஆரோன் எழுந்து, போதகரின் ஹெல்மெட்டை எடுத்துக் கொடுத்து, பைக்கைத் திருப்பிவிட வாசலுக்குப் போனான். அவளைத் தாண்டித்தான் போனான். ஒரு தடவை கூடப் பார்க்கவில்லை.

*

மத்தியானம் சமையலறையில் யூனிஸ் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். முகத்தில் பெரிய பாரம் இறங்கிய நிம்மதி. அந்த மேடத்துக்கு போன் பண்ணி வரவில்லை என்று சொல்லிவிடு, போதகர் ஐயர் வந்து ஜெபித்த பிறகு இனி எதற்கு என்றார்.

போவதாகத்தான் இருக்கிறேன் என்றாள் பிளஸ்ஸி.

யூனிஸ் கோபப்படவில்லை. கெஞ்சினார். கவுன்சிலிங் என்று ஒருமுறை போய்விட்டால் அந்தப் பெயர் போகாது என்றார். ஆரோனுக்குச் சபையில் ஒரு இடம் இருக்கிறது, அது என்ன ஆவது என்றார். உனக்கு இங்கே என்ன குறை வைத்தோம் என்றும் கேட்டார். ஒரு குறையும் வைக்கவில்லை. ஒரு நாள் கூட ஒரு சுடுசொல் கிடையாது. மாமியார் அவளுக்குக் காய்ச்சல் வந்தால் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்.

"நானும் உங்க மாமாவும் நாப்பது வருஷத்துல ஒரு நாள் சண்டை போட்டதில்ல பிளஸ்ஸி."

"பேசியிருக்கீங்களா அத்தை?"

வேண்டுமென்றே கேட்டதல்ல. வாயிலிருந்து தானாக வந்துவிட்டது.

யூனிஸின் கை கீரையில் நின்றது. ஹாலில் தனசிங் நியூஸ் சேனல் பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் அவருக்குக் காபி கொடுத்தது, மாத்திரை எடுத்து வைத்தது, துண்டு கொடுத்தது எல்லாம் யூனிஸுக்கு நினைவு வந்திருக்கும். அதில் எந்த இடத்தில் ஒரு வார்த்தை இருந்தது என்று அவர் தேடியிருக்க வேண்டும். மகனைப் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்பதை அவர் கணவரிடம் எப்படிச் சொன்னார்? ஜெபத்தில் சொன்னார். இந்த வீட்டைக் கட்ட வேண்டும் என்பதை? அதையும் ஜெபத்தில்தான். ஆரோன் அப்போது சின்னப் பையன், நடுவில் முழங்கால் போட்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

"கரண்ட் போறதுக்குள்ள மிக்ஸியைப் போட்டுரு" என்று மட்டும் சொன்னார் யூனிஸ். குரல் தலைமையாசிரியை குரலாக இல்லை.

*

நான்கு மணிக்கே ஆரோன் பாட்டு ஃபைலை எடுத்துக்கொண்டு கிளம்பினான். சனிக்கிழமை ஐந்து மணிக்குச் சபைப் பாடகர் குழுவின் கொயர் பிராக்டிஸ். கவுன்சிலிங்குக்கு அந்த நேரம்தான் கிடைத்தது என்பது பிளஸ்ஸியின் கெட்ட காலம். இன்றைக்கு பிராக்டிஸுக்குப் போக வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லலாம். சொல்ல வேண்டுமானால் அவன் முன்னால் போய் நிற்க வேண்டும். அவள் படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் நின்று பைக் சத்தம் தெருமுனை திரும்புவதைக் கேட்டாள். பிறகு தலையை வாரிக்கொண்டாள். பவுடர் போட்டுக்கொண்டாள். யாருக்காக என்று தெரியவில்லை.

தெருமுனையில் சிட்டிபாபு ஆட்டோ நின்றது. அவளுக்குப் பழக்கமான ஆட்டோ.

"இன்னாக்கா, சார் வண்டில போய்க்கினாரு, நீ மட்டும் தனியா?"

ராஜகீழ்ப்பாக்கத்தில் டெய்லர் கடைக்கு என்றாள். முழுப் பொய் இல்லை. சரோஜினி மேடத்தின் அறை ஒரு டெய்லர் கடைக்கு மேலே மாடியில்தான். யாராவது பார்த்தால் பிளவுஸ் தைக்கக் கொடுத்தேன் என்று சொல்லிக்கொள்ள வசதி. புருஷனோடு பேச வழி தேடிப் போகிறவள், பிளவுஸ் துணியைப் பையில் வைத்துக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. அதை நினைத்தபோது அவளுக்குத் தன் மேலேயே வெறுப்பாக இருந்தது.

மேம்பாலத்தில் வண்டிகள் நகரவில்லை. சேலையூர் தாண்டி கேம்ப் ரோடு சிக்னலிலும் அதே கதை. பக்கத்தில் ஒரு ஸ்கூட்டியில் சின்ன வயதுப் புருஷனும் பெண்டாட்டியும் வழியெல்லாம் சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். எந்த வழியாக வந்திருக்க வேண்டும் என்று சண்டை. அந்தப் பெண் அவன் முதுகில் ஒரு குத்து விட்டாள். பிளஸ்ஸி சிக்னல் விழும்வரை அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாடி அறையில் ஒரு மேஜை, மூன்று நாற்காலிகள். இரண்டு பக்கத்தில் பக்கத்தில், ஒன்று எதிரே. சரோஜினி மேடம் கண்ணாடி போட்ட, நரை விழுந்த, அவசரமில்லாத பெண்மணி. சார் வருகிறாரா என்று கேட்டார்.

தெரியவில்லை என்றாள் பிளஸ்ஸி.

அவர் வராவிட்டாலும் நீங்கள் பேசலாம், ஆனால் அது வேறு, உங்களுக்கான பேச்சாக இருக்கும், இரண்டு பேருக்குமான பேச்சு இரண்டு பேரும் இருந்தால்தான் என்றார் சரோஜினி. கொஞ்சம் காத்திருப்போம் என்று ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்தார்.

பிளஸ்ஸி தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்து நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே தையல் மெஷின் ஓடும் சத்தம் தரை வழியாக வந்தது. ஐந்தைத் தாண்டியதும் அவளுக்கு ஜாய்சனிடம் என்ன சொல்வது என்ற யோசனை வந்துவிட்டது. புடவைகளை முதலில் எடுத்துப் போகலாம். புத்தகங்கள் அப்புறம். அத்தையிடம் எப்படிச் சொல்வது? வேறென்ன, ஜெபத்தில்தான் சொல்ல வேண்டும்.

*

அதே நேரத்தில் தாம்பரத்தில் சபையின் கோவிலில் ஆரோன் ஆண்கள் வரிசையில் தன் இடத்தில் நின்றுகொண்டிருந்தான். கீபோர்டை இணைத்து முடித்த கொயர் மாஸ்டர் எபி, எல்லாச் சனிக்கிழமையும் சொல்வதைத்தான் சொன்னார்.

"ஆரோன், ஒரு ஜெபம் பண்ணுங்க. ஆரம்பிச்சுரலாம்."

ஆரோன் கண்ணை மூடினான். மற்றவர்களும் மூடினார்கள்.

ஒன்றும் வரவில்லை.

காலையில் வீட்டில் என்னமாய் வந்தது. உடைந்த பாத்திரம் என்றெல்லாம் வந்தது. அதைச் சொல்லும்போதே அவனுக்குத் தெரியும், அதில் ஒரு வார்த்தை கூட உண்மை இல்லை. அம்மா விசும்புவதைக் கேட்டான். பிளஸ்ஸி மூச்சை இழுத்துப் பிடித்ததையும் கேட்டான். அவள் நம்பிவிட்டாள் என்று புரிந்தது. அந்த இடத்தில்தான் அவனுக்குப் பயம் வந்தது. அவளைப் பார்க்காமல் வாசலுக்குப் போனதும் அந்தப் பயத்தில்தான்.

இப்போது கோவிலில் எல்லோரும் கண்ணை மூடிக் காத்திருந்தார்கள். யாரோ இருமினார்கள். எபி லேசாக ஸ்தோத்திரம் சொல்லி எடுத்துக் கொடுத்தார். ஆரோன் கண்ணைத் திறந்தான். குனிந்த தலைகளைப் பார்த்தான். வீட்டில் ஜெபிக்கிறான், இங்கே பாடுகிறான், நாவலூரில் மீட்டிங்கில் பேசுகிறான். தன் மனதில் உள்ளதைச் சொல்ல இந்த ஊரில் அவனுக்கு எங்கே இடம் இருக்கிறது?

ஒரே ஒரு இடம் இருந்தது. அவள் கண்டுபிடித்து வைத்த இடம்.

ஃபைலை நாற்காலியில் வைத்துவிட்டு, மற்றவர்கள் கண்ணைத் திறப்பதற்குள் ஆரோன் வெளியே வந்தான்.

*

படியில் காலடி கேட்டபோது டெய்லர் கடைப் பெண் யாரோ என்றுதான் பிளஸ்ஸி நினைத்தாள். கதவில் ஆரோன் நின்றான். சட்டை வியர்த்து முதுகோடு ஒட்டியிருந்தது. ஹெல்மெட் கையில்.

பிளஸ்ஸி எழுந்திருக்கப் போய், தம்ளரிலிருந்து தண்ணீர் மடியில் சிந்தியது. வந்துவிட்டான். கேட்காமல், கெஞ்சாமல், யாரும் இழுத்து வராமல், தானாகவே வந்துவிட்டான். ஆறு வருஷத்தில் அவள் இத்தனை சந்தோஷப்பட்டது இந்த ஒரு நிமிஷம்தான் என்று நான் சொன்னால் நீங்கள் நம்ப வேண்டும். ஜாய்சன், புடவை, புத்தகம் எல்லாம் மனதிலிருந்து போயே போய்விட்டன.

ஆரோன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். முழங்கை படாமல் தள்ளி உட்கார்ந்தான். அதைக் கூட அவள் பொருட்படுத்தவில்லை.

இங்கே யார் ஜெயித்தார் என்று நான் சொல்லப் போவதில்லை, நீங்கள் சொல்வதை வெளியே யாரிடமும் சொல்லவும் மாட்டேன் என்று சரோஜினி ஆரம்பித்தார். பிறகு பிளஸ்ஸியை முதலில் பேசச் சொன்னார். அவள் மேடத்தைப் பார்த்து வாயைத் திறந்தாள்.

"என்னைப் பாத்து இல்லம்மா. அவரைப் பாத்துச் சொல்லுங்க."

பிளஸ்ஸி திரும்பினாள். அவன் சட்டைப் பொத்தான் தெரிந்தது. கழுத்து தெரிந்தது. அதற்கு மேல் கண் ஏறவில்லை. வகுப்பறையில் மணிக்கணக்காகப் பேசுகிறவள் நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. ஆரோனும் முயன்று பார்த்தான். அவள் காதுத் தோட்டைப் பார்த்தான், தொண்டையைச் செருமினான், தரையைப் பார்த்தான்.

சரோஜினி அவசரப்படுத்தவில்லை. வீட்டில் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டார்.

இருவருக்கும் வெட்கமாகிவிட்டது. பிளஸ்ஸிதான் மெல்லச் சொன்னாள். பாய், முழங்கால், மூடிய கண், ஆமென். சொல்லச் சொல்ல அவளுக்கே அது எவ்வளவு வினோதம் என்று புரிந்தது. சரோஜினி சிரிப்பார் என்று எதிர்பார்த்தாள். அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"சார், கண்ணை மூடிக்கிட்டா உங்களுக்குச் சொல்ல வருமா?"

"உண்மையைச் சொல்றதா இருந்தா... தெரியல மேடம். பாக்கறேன்."

"அப்ப இன்னைக்கு மூடிக்குங்க. திறந்துக்கிட்டு பேசறத மெதுவா பழகலாம்."

ஆரோன் ஹெல்மெட்டைக் கீழே வைத்தான். கைகளைக் கோத்துக்கொண்டு கண்ணை மூடினான். பிளஸ்ஸியும் மூடினாள். சரோஜினி மேடம் மட்டும் திறந்த கண்ணோடு உட்கார்ந்திருந்தார்.

"கிருபையுள்ள ஆண்டவரே, இந்த வேளைக்காக உம்மை ஸ்தோத்திரிக்கிறோம். உம்முடைய பிள்ளைகளாகிய நாங்கள்..."

நின்றுவிட்டான். மறுபடி குரல் வந்தபோது அது கோவிலில் கேட்கிற குரலாக இல்லை.

"ஆண்டவரே, பிளஸ்ஸி நல்லவ. அவ மேல ஒரு தப்பும் இல்ல. எனக்குத்தான் அவகிட்ட ஒண்ணும் தோணல. கல்யாணத்தன்னிக்கே தோணல. ஐயர் கேட்டாரு, சம்மதம்னு சொன்னேன். சொன்னா வந்துரும்னு நினைச்சேன். நீர் குடுப்பீர்னு நினைச்சேன். ஆறு வருஷமா தினம் கேட்டுட்டேன். வரல. அம்மா இருக்கற வரைக்கும் இப்படியே இருந்துடலாம்னு பாத்தேன். முடியல ஆண்டவரே. காலையில நான் ஜெபிச்சது அத்தனையும் பொய். சேத்து வைங்கன்னு கேக்க நான் இங்க வரல. பிளஸ்ஸி என்னை விட்டுட்டுப் போக அவளுக்கு மனசு தாரும். ஆமென்."

கீழே தையல் மெஷின் நின்றிருந்தது.

பிளஸ்ஸி கண்ணைத் திறந்தாள். அந்த வீட்டுச் சட்டத்தை அவள் மீறியது இதுதான் முதல் தடவை. ஆரோன் கண்ணை மூடியபடி இருந்தான். இமை ஓரம் நனைந்திருந்தது. இத்தனை பக்கத்தில் அவன் முகத்தை அவள் பார்த்து வருஷக்கணக்காகியிருந்தது. அவள் கேட்டது உண்மையைத்தான். அவன் கொடுத்துவிட்டான். அவன் பேசிய ஜெபங்களிலேயே இது ஒன்றுதான் முழுக்க அவளுக்காகப் பேசியது.

அவள் வாயில் அந்தச் சொல் தயாராக நின்றது. தினமும் சொல்லிச் சொல்லிப் பழகிய சொல். உதட்டைத் திறந்தால் தானாக வந்து விழுந்துவிடும். விழுந்தால் எல்லாம் முடிந்துவிடும். அவள் பல்லால் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"பிளஸ்ஸிம்மா?" என்றார் சரோஜினி மெதுவாக.

ஆரோன் காத்திருந்தான். அவள் ஆமென் சொல்லாமல் அவன் கண்ணைத் திறக்கமாட்டான் என்று அவளுக்குத் தெரியும். அவன் அப்படித்தான் வளர்ந்திருக்கிறான்.

அவள் சொல்லவில்லை.